மாரியில் சுருங்கும் பகல்: நோர்வூட் முதல் நோர்வே வரை



"டிசம்பர் 22ஆம் திகதியளவில் வட அரைக்கோளத்தில் பகற்பொழுது மிகக் குறுகியதாக இருப்பதற்குக் காரணம் யாது?" என்ற வினாவை வகுப்பில் கொடுத்தால், பாதிப் பேராவது "அக்காலத்தில் சூரியன் புவியை விட்டுத் தூரத்தில் இருப்பதால்" என்று எழுதிவிடுகின்றனர். இந்த விடைக்குப் புள்ளி கிடையாது. அது முழுக்க முழுக்கத் தலைகீழான விடை என்பதுதான் வேடிக்கை. புவி சூரியனுக்கு மிக அண்மையில் வருவது ஜனவரி மாத ஆரம்பத்திலாகும். அப்போது இடைத்தூரம் ஏறக்குறைய 14 கோடி 70 இலட்சம் கிலோமீற்றர். ஜூலை மாத ஆரம்பத்திலேயே புவி மிகத் தொலைவில், அதாவது ஏறக்குறைய 15 கோடி 20 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் நிற்கின்றது. ஆகவே ஐரோப்பா இருளிலும் குளிரிலும் இருக்கும் மாதங்களில்தான் புவி சூரியனுக்குக் கிட்ட இருக்கின்றது.

இதற்கு உங்களிடமே ஒரு சான்று உண்டு. டிசம்பர் 26ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் மெல்போர்ன் மைதானத்தில் ஆரம்பமாகும் டெஸ்ட் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பார்வையாளர்கள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து கொளுத்தும் வெயிலில் அமர்ந்திருப்பர். தூரம்தான் காரணம் என்றால் முழுப் புவிக்கும் ஒரே நேரத்தில் மாரி வந்திருக்க வேண்டும் அல்லவா?

நமது மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் நமக்கும் குளிர்கிறதே, நுவரெலியாவில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகுகிறதே, அதுவும் பகல் குறுகுவதால்தானா என்று கேட்பர். பிரதான காரணம் அதுவன்று. உயரமான இடத்தில், முகில் இல்லாத, காற்றும் அடங்கிய இரவில், நிலம் பகலில் பெற்ற வெப்பத்தை விரைவாக இழந்துவிடுகின்றது. அதே ஜனவரியில் கொழும்பில் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கொழும்பும் நாமும் ஏறக்குறைய ஒரே அகலக்கோட்டில் இருப்பவர்கள். பகலின் நீளமும் ஒன்றுதான்.

சாய்வே காரணம்

புவியின் அச்சு, அது சூரியனைச் சுற்றிவரும் தளத்துக்குச் செங்குத்தாக இல்லை. செங்குத்திலிருந்து ஏறக்குறைய 23½ பாகை சரிந்துள்ளது. வருடம் முழுவதும் அச்சு ஒரே திசையை நோக்கியே நிற்கின்றது என்பதையும் இதனோடு சேர்த்து எழுத வேண்டும். இதை விட்டுவிடுபவர்களே அதிகம். சாய்வு மட்டும் இருந்து, அதன் திசையும் சூரியனோடு சேர்ந்து திரும்பிக்கொண்டிருந்தால் பருவ மாற்றமே ஏற்படாது.

ஒரு தோடம்பழத்தையும் ஓர் ஈர்க்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஈர்க்கைப் பழத்தின் நடுவே குத்தி, பேனாவால் பழத்தைச் சுற்றி நான்கு வட்டங்கள் வரையுங்கள்: நடுவில் மத்திய கோடு, அதற்குச் சற்று மேலே நமது நோர்வூட், இன்னும் மேலே 60 பாகையில் ஒன்று, ஈர்க்கின் நுனிக்கு அருகில் ஒன்று. இருட்டறையில் மெழுகுதிரி ஒன்றை ஏற்றி, ஈர்க்கின் மேல் நுனி மெழுகுதிரிக்கு எதிர்ப்பக்கமாகச் சரியும்படி பழத்தைப் பிடியுங்கள். இதுதான் டிசம்பர் 22. எந்த வட்டத்தில் எவ்வளவு பங்கு வெளிச்சத்தில் இருக்கின்றது என்று பாருங்கள். மத்திய கோட்டில் சரிபாதி. நோர்வூட்டின் வட்டத்தில் பாதியை விடச் சொற்பம் குறைவு. 60 பாகை வட்டத்தில் கால் பங்கு மாத்திரமே. நுனிக்கு அருகிலுள்ள வட்டமோ முழுவதும் இருட்டில். பழத்தை எவ்வளவு உருட்டினாலும் அந்த வட்டம் வெளிச்சத்துக்கு வராது. ஒரு வட்டத்தில் வெளிச்சம் பட்டிருக்கும் பங்கே அந்த இடத்தின் பகல், மிகுதி இரவு.

சூரியன் மகரக் கோட்டுக்கு நேர் உச்சத்தில் நிற்கும் இந்நாளை, டிசம்பர் 21 அல்லது 22ஐ, மாரிக் கணநிலை நேரம் என்பர். கதிர்த்திருப்பம் என்ற சொல்லையும் சில நூல்களில் காண்பீர்கள். சூரியன் உதிக்கும் இடம் அடிவானில் நாளுக்கு நாள் தெற்கே நகர்ந்து சென்று, சில நாட்கள் அசையாது நிற்பதுபோல் தோன்றி, மீண்டும் வடக்கே திரும்புவதால் வந்த பெயர்கள் இவை. இதை உங்கள் லயத்து வாசலில் நின்றே அவதானிக்கலாம். ஜூன் மாதத்தில் சூரியன் எந்த மலைமுகட்டின் மேல், எந்தச் சவுக்கு மரத்துக்கு அருகில் தலைகாட்டுகின்றது என்று குறித்து வையுங்கள். டிசம்பரில் அதே இடத்தில் நின்று பாருங்கள். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 47 பாகை வித்தியாசம் இருக்கும்; அதாவது ஒரு செங்கோணத்தில் பாதிக்கு மேல். பகலின் நீளத்தில் பெரிதாக எதையும் உணராத நமக்குக் கணநிலை நேரம் தெளிவாகத் தெரிவது இந்த ஓர் இடத்தில்தான்.

நமது கணக்கு

நோர்வூட் ஏறக்குறைய 6 பாகை 50 கலை வட அகலக்கோட்டில் உள்ளது. இங்கு மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணித்தியாலம் 44 நிமிடம். மிக நீண்ட பகல் சுமார் 12 மணித்தியாலம் 31 நிமிடம். வித்தியாசம் முக்கால் மணித்தியாலத்தைச் சற்றே தாண்டும். (இரண்டின் சராசரி 12ஐ விடக் கூடுதலாக இருக்கின்றதே என்று கேட்கும் மாணவர் கெட்டிக்காரர். வளிமண்டலம் ஒளியை வளைப்பதாலும், சூரியனின் மேல் விளிம்பு தோன்றுவதையே உதயமாகக் கொள்வதாலும் ஒவ்வொரு நாளும் நமக்கு ஏழு நிமிடமளவு கூடுதலாகக் கிடைக்கின்றது.)

இங்கே ஒரு விந்தை உண்டு. டிசம்பர் 22 மிகக் குறுகிய பகல் என்றால், அன்றுதான் சூரியன் மிகப் பிந்தி உதித்து மிக முந்தி மறைய வேண்டும் என்று நினைப்போம். நோர்வூட்டில் அப்படி நடப்பதில்லை. சூரியன் மிக முந்தி மறைவது நவம்பர் நடுப்பகுதியில், ஏறக்குறைய 5.46க்கு. கணநிலை நேரத்தன்று உதயம் 6.14, மறைவு 5.57. மிகப் பிந்திய உதயமோ ஜனவரி இறுதியில்தான், ஏறக்குறைய 6.26க்கு. ஜனவரி முடியும்போதுதான் விடியற்காலை மிக இருட்டாக இருக்கின்றது என்று வீட்டில் அம்மா சொன்னால் அது சரியான அவதானிப்பு. (இவை சமதரை அடிவானத்துக்குரிய கணக்குகள். கிழக்கே மலை மறைக்கும் லயங்களில் சூரியன் இன்னும் பிந்தியே முகம் காட்டும்.)

காரணம் சுருக்கமாக: புவியின் சுற்றுகை வேகம் ஒரே சீராக இல்லாமையும் அச்சுச் சாய்வும் சேர்ந்து, டிசம்பர் இறுதியில் ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகல் வரையான காலம் 24 மணித்தியாலத்தை விட ஏறக்குறைய 30 செக்கன் நீண்டுவிடுகின்றது. சூரியன் உச்சிக்கு வரும் நேரம் நோர்வூட்டில் நவம்பர் நடுப்பகுதியில் 11.53 ஆகவும், டிசம்பர் 22இல் 12.06 ஆகவும், பெப்ரவரி ஆரம்பத்தில் 12.21 ஆகவும் தள்ளிப் போகின்றது. உதயமும் மறைவும் அதனோடு சேர்ந்து தள்ளிப் போகின்றன. பகலின் நீளம் மிகச் சிறிதளவே மாறும் நமது பிரதேசத்தில் இந்தத் தள்ளுகையே மேலோங்கித் தெரிகின்றது. சாதாரண தரத்துக்கு இது அவசியமில்லை; கலண்டரைப் பார்த்துக் குழம்பாமல் இருப்பதற்காகவே சொன்னேன்.

வடக்கே போகப் போக

ஒரு நகரத்தின் அகலக்கோடு தெரிந்தால், டிசம்பர் 22 நண்பகலில் அங்கு சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதை ஒரே வரியில் கணக்கிடலாம். அகலக்கோட்டோடு 23½ஐக் கூட்டி, வருவதை 90இலிருந்து கழியுங்கள். நோர்வூட்டுக்கு ஏறக்குறைய 60 பாகை வரும். நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோ 60 பாகை வடக்கில் உள்ளது. 60 உடன் 23½ சேர்ந்தால் 83½. விடை 6½ பாகை. ஒரு மீற்றர் உயரமான குச்சியை நட்டால் அன்றைய நண்பகலில் நோர்வூட்டில் அதன் நிழல் 60 சென்ரிமீற்றருக்குள் அடங்கும். ஒஸ்லோவில் ஏறக்குறைய 9 மீற்றர் நீளும்! அவ்வளவு சரிவாக விழும் ஒளி பரந்த நிலத்தில் சிதறிவிடுவதால் வெப்பமும் கிடைப்பதில்லை. பகல் குறுகுவதும் ஒளி சரிவதும் ஒன்றாகச் சேர்ந்தே மாரியை உண்டாக்குகின்றன என்று எழுதினால்தான் விடை முழுமை பெறும்.

அன்றைய பகலின் நீளத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் 11 மணித்தியாலம் 34 நிமிடம். நம்மவர் பலர் வாழும் கனடாவின் டொரன்டோவில் 9 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. லண்டனில் 8 மணித்தியாலத்துக்குக் குறைவு. ஒஸ்லோவில் 6 மணித்தியாலத்துக்குக் குறைவு. இதே ஒஸ்லோவில் ஜூன் 21ஆம் திகதி பகல் ஏறக்குறைய 18 மணித்தியாலம் 50 நிமிடம் நீளும். மத்திய கோட்டை விட்டு விலக விலக வித்தியாசம் விரிகின்றது. அதுவும் ஒரே சீராக அல்ல, துருவத்தை நெருங்க நெருங்க மிக வேகமாக.

66½ பாகை வட அகலக்கோட்டுக்கு, அதாவது ஆட்டிக் வட்டத்துக்கு, மேலே கூறிய கணக்கைச் செய்து பாருங்கள். விடை பூச்சியம். சூரியன் நண்பகலிலும் அடிவானத்திலேயே நிற்கின்றது என்பது பொருள். இன்னும் வடக்கே, ஏறக்குறைய 69½ பாகைக்கு மேலே, நோர்வேயின் துரொம்சோ நகரம் இருக்கின்றது. அங்கு விடை பூச்சியத்துக்கும் கீழே மூன்று பாகை. நவம்பர் பிற்பகுதியில் மறையும் சூரியன் ஜனவரி நடுப்பகுதி வரை அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை. ஆனால் "ஒரே கும்மிருட்டு" என்று எழுதிவிடாதீர்கள். சூரியன் அடிவானத்துக்குச் சற்றுக் கீழே வந்து போவதால், நண்பகலை ஒட்டிச் சில மணித்தியாலங்களுக்கு நமது விடியற்காலையைப் போன்ற நீலநிற மங்கல் ஒளி இருக்கும். சுற்றிலும் மலைகள் இருப்பதால் நகரத்தில் சூரியன் மீண்டும் தென்படுவது ஜனவரி 21ஆம் திகதியளவில். அந்நாளைச் சூரியன் திரும்பும் நாளாகக் கொண்டாடி, அதற்கென்றே செய்யும் இனிப்புப் பணியாரத்தைப் பிள்ளைகள் உண்பர். மே பிற்பகுதியிலிருந்து ஜூலை பிற்பகுதி வரையோ நள்ளிரவிலும் சூரியன் மறைவதில்லை.

இது எங்கோ உள்ள கதை என்று எண்ண வேண்டாம். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956இல் நோர்வே சென்றார். நோர்வேத் தமிழரின் வரலாறு அவரிலிருந்தே தொடங்குகின்றது. 1980களில் அகதிகளாகச் சென்ற தமிழர் பலர், துரொம்சோவுக்கும் வடக்கேயுள்ள பின்மார்க் மாகாணத்தின் கரையோர ஊர்களில் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை செய்தனர். பனையடி வெயிலில் பிறந்து வளர்ந்தவர்கள் இரு மாதங்கள் சூரியனைக் காணாமல் வேலைக்குப் போய் வந்தனர். பின்னர் அவர்களில் பலர் ஒஸ்லோ பக்கம் குடிபெயர்ந்தனர்.

ஒளி குறைவதால் உடலுக்கும் கேடு உண்டு. தோலில் சூரிய ஒளி பட்டாலே நமது உடல் விற்றமின் டி யைத் தயாரிக்கின்றது. வடநாட்டு மாரியில் சரிந்து விழும் ஒளி அதற்குப் போதாது. கருமையான தோலுக்கு இன்னும் கூடுதலான ஒளி தேவை. ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வொன்றில், ஒஸ்லோவில் வாழ்பவர்களின் இரத்தத்தில் விற்றமின் டி வெகு குறைவாக இருந்தமை கண்டறியப்பட்டது. நோர்வே மக்கள் மாரியில் தினமும் ஒரு கரண்டி மீன் எண்ணெய் குடிப்பதன் காரணம் இதுவே. விஞ்ஞானப் பாடத்தில் விற்றமின் குறைபாடு பற்றி எழுதும்போதும் இந்த உதாரணத்தைப் பயன்படுத்தலாம்.

மணிக்கூட்டை மாற்றினால் பகல் நீளுமா?

நோர்வேயில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, ஒக்டோபர் கடைசி ஞாயிறன்று திரும்பப் பின்னே எடுப்பர். ஆகவே அங்குள்ள உறவினரோடு தொலைபேசியில் பேசும்போது நேர வித்தியாசம் மாரியில் நாலரை மணித்தியாலமாகவும் கோடையில் மூன்றரை மணித்தியாலமாகவும் இருக்கும். கோடையில் ஒஸ்லோவில் இயல்பான நேரப்படி அதிகாலை மூன்று மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடுகின்றது. ஊரே உறங்கும்போது வீணாகும் அந்த ஒளியில் ஒரு மணித்தியாலத்தை மாலைக்கு மாற்றிக்கொள்கின்றனர். கணக்கு நியாயமானதே.

இலங்கையிலும் இதைச் செய்து பார்த்தனர். 1996இல் மழை பொய்த்து, நம்மருகேயுள்ள காசல்ரீ, மவுசாக்கலை போன்ற நீர்மின் நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு நீண்ட மின்வெட்டில் தவித்தது. அவ்வருடம் மே 25ஆம் திகதி மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. ஒக்டோபர் 26ஆம் திகதி அரை மணித்தியாலம் பின்னே எடுக்கப்பட்டது. மிகுதி அரை மணித்தியாலம் ஏறக்குறைய பத்து வருடங்கள் அப்படியே நீடித்து, 2006 ஏப்ரல் 15ஆம் திகதியே பழைய நேரம் மீண்டும் வந்தது. வடக்கில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பிரதேசங்களில் இந்த மாற்றத்தை ஏற்காததால், ஒரே தீவில் இரண்டு நேரங்கள் ஓடின. "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்டுத் திருமணத்துக்குப் போன காலம் அது.

மாலையில் எல்லா வீடுகளிலும் ஒன்றாக விளக்கேறும் வேளையில் மின்சாரம் மிச்சமாகும் என்பதே நோக்கம். அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் நமது பகலில் ஒஸ்லோவைப் போல அதிகாலையில் வீணாகும் ஒளி எங்கே இருக்கின்றது? ஜூன் மாதத்தில்கூட இங்கு ஆறு மணியளவிலேயே விடிகின்றது. அதற்கு முன்பே தோட்டத்துத் தாய்மார் எழுந்து, ரொட்டி தட்டி, பிள்ளைகளை ஆயத்தம் செய்து, பிரட்டுக்களத்துக்குப் புறப்பட வேண்டியவர்கள். மாலைக்குக் கொடுத்த ஒளி அவர்களுடைய காலையிலிருந்து பிடுங்கிய ஒளியே. அந்தப் பத்து வருடங்களில் ஜனவரி இறுதியில் நோர்வூட்டில் சூரியன் உதித்த நேரம் 6.56. ஏழரை மணிப் பாடசாலைக்கு மேல் கணக்கிலிருந்து குறுக்குப் பாதையில் இறங்கி வந்த எங்களில் பலர், ஒரு கையில் டோர்ச் லைட்டும் மறு கையில் தம்பி தங்கையின் கையுமாகவே வந்தோம். 2006இல் நேரத்தைத் திருப்பியபோது, இருட்டோடு பாடசாலைக்குப் புறப்படும் பிள்ளைகளின் சிரமமும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. மத்திய கோட்டுக்கு அண்மையிலுள்ள நாடுகளில் பெரும்பாலானவை ஏன் கோடைகால நேர மாற்றத்தைக் கடைப்பிடிப்பதில்லை என்று கேட்டால், உங்கள் சொந்த ஊரையே உதாரணமாக எழுதலாம்.

தைப்பொங்கல் பற்றிய ஐயம்

"சூரியன் வடக்கே திரும்புவது தை முதலாம் நாள் அல்லவா, நீங்கள் டிசம்பர் 22 என்கிறீர்களே?" என்ற கேள்வி வருடந்தோறும் எழுகின்றது. நல்ல கேள்வி. ஏறக்குறைய 1700 வருடங்களுக்கு முன்னர் இரண்டும் ஒரே நாளிலேயே நிகழ்ந்தன. புவியின் அச்சு, ஓயப்போகும் பம்பரத்தின் தலையைப் போல, மிக மெதுவாக வட்டமிடுகின்றது. ஒரு வட்டம் முடிய ஏறக்குறைய 26,000 வருடங்கள் செல்லும். நமது பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து மாதங்களைக் கணிக்கின்றது. கணநிலை நேரமோ அச்சின் சாய்வை வைத்து வருகின்றது. எனவே 70 வருடங்களுக்கு ஒரு நாள் என்ற அளவில் இரண்டும் விலகி, இன்று மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டது. (முன்னர் அச்சு ஒரே திசையில் நிற்கின்றது என்று சொன்னேன்; ஒரு வருடக் கணக்குக்கு அது சரியே.) சமய பாடத்தில் உத்தராயணம் தை முதலாம் நாளில் ஆரம்பமாவதாக எழுதுங்கள். புவியியலில் டிசம்பர் 22 என்று எழுதுங்கள்.

பயிற்சி

1. டிசம்பர் 22இல் ஆட்டிக் வட்டத்துக்கு வடக்கே சூரியன் உதிக்காமையை, புவியின் அச்சுச் சாய்வைக் காட்டும் படமொன்றின் உதவியுடன் விளக்குக. (படத்தில் சூரிய கதிர்களைச் சமாந்தரமாக வரைய வேண்டும். விளக்கிலிருந்து விரிவது போல வரைந்தால் புள்ளி குறையும்.)

2. ஒஸ்லோவின் ஜூன் மாதப் பகலையும் நோர்வூட்டின் ஜூன் மாதப் பகலையும் ஒப்பிட்டு, மணிக்கூட்டை முன்னே தள்ளுவது எந்த ஊருக்குப் பொருந்தும் எனக் காரணத்துடன் எழுதுக.

3. புதுடில்லி ஏறக்குறைய 28½ பாகை வடக்கிலும் மெல்போர்ன் ஏறக்குறைய 38 பாகை தெற்கிலும் உள்ளன. டிசம்பர் 22 நண்பகலில் இரு நகரங்களிலும் சூரியனின் உயரத்தைக் காண்க. (புதுடில்லிக்கு 38 பாகை வர வேண்டும். மெல்போர்ன் மகரக் கோட்டின் பக்கமாகவே இருப்பதால், அங்கு 23½ஐக் கூட்டிவிடாதீர்கள். 38இலிருந்து 23½ஐக் கழித்து, வருவதை 90இலிருந்து கழியுங்கள்.)